டிரைவர் வரவில்லை, வழி மாறுகிறது, பணம் போய்விட்டது: ஆப் டாக்ஸியில் எதற்கு என்ன செய்வது

ஓலா, ஊபர், ரேபிடோ, நம்ம யாத்ரி என்று இரண்டு மூன்று ஆப்பாவது இல்லாத போனைச் சென்னையில் பார்ப்பது இப்போது கடினம். கோயம்புத்தூர்க்காரர்கள் ரெட் டாக்ஸியையும் சேர்த்துக்கொள்வார்கள். மழையில் நனைந்தபடி தெருமுனையில் நின்று பேரம் பேசும் வேலை ஒழிந்தது பெரிய நிம்மதிதான். இரவு பத்து மணிக்கு வேலை முடித்து வீடு திரும்பும் பெண்களுக்கு அது வெறும் வசதி மட்டுமல்ல.

இந்த வசதிக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படை ஒன்றே. யார் ஓட்டினார், எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணி என்பதெல்லாம் எங்கோ பதிவாகிறது. அந்தப் பதிவு சரியாக இருக்கும்வரை உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும். அது பொய்யாகிவிட்டால் நீங்கள் முன்பின் தெரியாத ஒருவருடைய காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கீழே சொல்லும் தீர்வுகளில் பாதிக்கு மேல் இந்தப் பதிவைக் காப்பாற்றுவது பற்றியவை. உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். வண்டிக்குள் இருந்தபடி படிக்கிறீர்கள் என்றால், மற்றதை விட்டுவிட்டு "வண்டி வேறு வழியில் போகிறது" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

புக் ஆனதும் "எங்க போகணும், கேஷா ஆன்லைனா?" என்று போன் வருகிறது, அப்புறம் வண்டி நகரவே இல்லை

எல்லோருக்கும் பழகிப்போன கோளாறு இது. டிரைவர் பக்கத்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி தீர்ந்துவிடும். ஆன்லைனில் நீங்கள் கட்டும் பணம் அவர் கைக்கு வர நேரமாகலாம். எரிவாயு நிரப்பவும் சாப்பிடவும் அவருக்கு இன்றே காசு வேண்டும். அடுத்து, போகிற இடம். மாலையில் நகரத்துக்கு வெளியே கேளம்பாக்கம் தாண்டி உங்களை இறக்கிவிட்டால் திரும்பும்போது சவாரி கிடைக்காமல் காலி வண்டியாக ஓட்ட வேண்டியிருக்கும். அந்தத் தூரத்துக்கு யாரும் அவருக்குப் பணம் தருவதில்லை.

எனவே ஆப்பில் பணம் செலுத்தும் முறையைக் கேஷ் என்று வைத்துவிட்டு, இறங்கும்போது டிரைவரின் க்யூஆர் அட்டையில் யுபிஐ மூலம் கட்டுங்கள். பயணம் ஆப்பில் பதிவாகும், அவருக்கும் பணம் உடனே போய்ச்சேரும். இதைப் போனிலேயே சொல்லிவிட்டால் பலர் வந்துவிடுகிறார்கள்.

சொல்லியும் வரைபடத்தில் வண்டி நகரவில்லை, அல்லது எதிர்த்திசையில் போகிறது என்றால் அவர் வரப்போவதில்லை. "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்பார். அவசரப்பட்டு வாய்க்கு வந்த காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரத்து செய்யாதீர்கள், கட்டணம் உங்கள் தலையில் விழும். காரணப் பட்டியலில் டிரைவர் ரத்து செய்யச் சொன்னார் என்பதும், டிரைவர் நகரவில்லை என்பதும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். வண்டி நிற்கும் இடம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ஆப் டாக்ஸி வழிகாட்டு நெறிமுறைகள், சவாரியை ஏற்ற பிறகு சரியான காரணம் இல்லாமல் ரத்து செய்யும் டிரைவருக்குக் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்கின்றன. பயணிக்கும் அதே அளவுதான். மாநிலங்கள் இதை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதால், நெறிமுறையைக் காட்டி டிரைவரிடம் சண்டை போடுவதைவிட ஆப்பில் சரியான காரணத்தைப் பதிவதே பலன் தரும்.

அதிகாலை ரயில், விமானம் என்றால் முந்தின இரவு செய்த முன்பதிவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலும் புறப்படும் நேரம் நெருங்கும்போதுதான் அதற்கு டிரைவர் ஒதுக்கப்படுகிறார். அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கிவிடுகிறது. விமான நிலையத்துக்கும் சென்ட்ரலுக்கும் அது நேராகவே போகிறது. இன்னொன்று: இரண்டு ஆப்பில் ஒரே நேரத்தில் புக் செய்துவிட்டு முதலில் வருகிற வண்டியில் ஏறுவது நியாயமில்லை. இன்னொரு டிரைவர் எரிபொருளைச் செலவழித்து உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்.

"வந்துட்டேன்" என்கிறார், ஆனால் வண்டியைக் காணோம்

ஆப் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் குறிதான் பின். கோளாறு அந்தப் பின்னில் இருக்கிறது. மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும்போது ஜிபிஎஸ் உங்களைப் பாலத்தின் மேலேயோ சாலையின் மறுபக்கத்திலோ காட்டும். கத்திப்பாராவில் இது அடிக்கடி நடக்கும். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) போன்ற சாலையில் பின் எதிர்ப்பக்கம் விழுந்தால் டிரைவர் யூ-டர்ன் தேடிப் போய் வர வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருக்கும் சாலைகளில் இன்னும் மோசம்.

ஆப் தானாகக் காட்டும் இடத்தை அப்படியே ஏற்காமல் பின்னைக் கையால் நகர்த்தி, டிரைவர் வண்டியை ஓரங்கட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், கோயில் ஏதாவது ஒன்றின் பெயரைச் செய்தியாக அனுப்புங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் போனில் வழி விளக்குவதைவிட அது நல்லது.

சென்னை விமான நிலையத்தில் டெர்மினல் வாசலில் நின்று வண்டியைத் தேடி மாய்ந்துபோகிறவர்கள் இன்றும் உண்டு. 2022 டிசம்பரில் பல அடுக்கு கார் நிறுத்துமிடம் திறந்த பிறகு ஆப் டாக்ஸிகள் பயணிகளை ஏற்றுவது அங்கே மாறிவிட்டது. பெட்டிகளுடன் நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு புக் செய்யுங்கள், காத்திருப்புக் கட்டணம் மிச்சமாகும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் அப்படித்தான். முனையம் பெரியது, எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு ஆப்பைத் திறங்கள்.

ஆப்பில் காட்டிய வண்டி ஒன்று, வந்து நிற்பது வேறொன்று

ஏறாதீர்கள். "அந்த வண்டி சர்வீஸ்ல இருக்கு, இது எங்க அண்ணன் வண்டி" என்று சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஆப்பில் ஒரு வண்டியின் எண், ஒருவரின் உரிமம், ஒருவரின் படம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் போலீஸ் தேடப்போவது அந்த எண்ணைத்தான். நீங்கள் போனதோ வேறு வண்டியில். ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஓட்டும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஓட்டுபவரின் பின்னணியை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

சரிபார்க்கும் வரிசை முக்கியம். முதலில் நம்பர் பிளேட், கடைசி நான்கு எண்கள் மட்டுமில்லாமல் முழுதாக. அப்புறம் டிரைவரின் முகம். அப்புறம் அவரிடம் "யார் பேருக்கு வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். "குமார் வண்டிதானே?" என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் சரியென்றால் கடைசியாக, பயணத்தைத் தொடங்க ஆப் காட்டும் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்.

பிளேட்டின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து வாடகை வண்டி. பச்சையில் மஞ்சள் எழுத்து மின்சார வாடகை வண்டி. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான கார்; வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாதது. கறுப்பில் மஞ்சள் எழுத்து, ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு எடுக்கும் கார்.

வருவதற்கு முன்பே போனில் ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்த நிமிடமே நீங்கள் இல்லாமல் பயணம் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் வண்டியிலேயே இல்லை என்று நிறுவனத்துக்குப் புரியவைக்கும் வேலை உங்களுடையது.

"ஆப்பைக் கட் பண்ணிடுங்க, நேரா காசு குடுங்க, குறைச்சுத் தரேன்"

வாடிக்கையாளர்கள் இதை ஒரு சலுகையாகப் பார்க்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து வீடு, சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போன்ற நீண்ட சவாரிகளில் இந்தப் பேச்சு வரும். டிரைவருக்குக் கமிஷன் மிச்சம், உங்களுக்கு நூறு இருநூறு மிச்சம். அவர் கேட்பதன் பின்னால் உள்ள சிரமம் எனக்குப் புரிகிறது. கமிஷன் அவர் வயிற்றில் அடிக்கிறது என்ற குறை நியாயமானதே. தினசரி ஒரு தொகை கட்டிவிட்டு முழுக் கட்டணத்தையும் டிரைவரே எடுத்துக்கொள்ளும் முறைக்குச் சில ஆப்கள் மாறியதும் அந்தக் குறையால்தான்.

ஆனால் ரத்து செய்த நொடியில் அந்தப் பயணம் காகிதத்தில் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பிய நேரடி இருப்பிடப் பகிர்வு நின்றுவிடும். ஆபத்தில் உதவி கேட்டு அழுத்தும் எஸ்ஓஎஸ் பொத்தான் போய்விடும். நிறுவனத்தின் பயணக் காப்பீடு ஆப்பில் ஓடும் பயணத்துக்கு மட்டுமே. பாதி வழியில் "இன்னும் ஐந்நூறு குடுங்க" என்றால் முறையிட இடமில்லை. பெட்டியை மறந்து வைத்துவிட்டால் தேட ஆளில்லை. "இல்லண்ணா, ஆப்லயே போயிடலாம், வேணும்னா மேல கொஞ்சம் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இறங்கிவிடுங்கள். அந்த இருநூறு ரூபாய்க்குப் பயணத்தின் பதிவையே விற்கக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

வண்டி வேறு வழியில் போகிறது, அல்லது டிரைவரின் நடத்தை பயமாக இருக்கிறது

முதலில் போனில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். சென்னையில் ஒருவழிப் பாதைகளும் மெட்ரோ தடுப்புகளும் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன, விலகல் எல்லாமே ஆபத்து இல்லை. சாதாரணக் குரலில் "அண்ணா, ஏன் இந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் வரைபடமே அதை உறுதி செய்யும். சில நிமிடத்தில் வண்டி மீண்டும் உங்கள் திசைக்கு வந்துவிடும்.

பதில் மழுப்பலாக இருக்கிறது, வரைபடத்தில் தூரம் கூடிக்கொண்டே போகிறது என்றால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆப்பில் பயணத்தைப் பகிரும் வசதியை அழுத்தி வீட்டுக்கு அனுப்புங்கள். உடனே வீட்டுக்குப் போன் செய்து, டிரைவர் காதில் விழும்படி, வண்டி எண்ணையும் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பல சமயம் இதுவே போதும். கூட்டமும் வெளிச்சமும் உள்ள இடம், பெட்ரோல் பங்க், டோல்கேட், காவல் நிலையம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

நிறுத்தவில்லை என்றால் 112. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது ஒரே எண். ஆப்பின் எஸ்ஓஎஸ் பொத்தானையும் அழுத்தலாம். ஆனால் சில ஆப்களில் அது நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும், சிலவற்றில் நேராகப் போலீசுக்குப் போகும். உங்கள் ஆப்பில் எது என்று இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பார்த்து வையுங்கள். 2019 ஜனவரி 1க்குப் பிறகு பதிவான வாடகை கார்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது விதி. சிவப்பு நிறத்தில், பின் இருக்கைக்காரருக்கு எட்டும்படி கதவு ஓரத்தில் தேடுங்கள். எல்லா வண்டியிலும் அது வேலை செய்யும் என்று நம்பி இருக்காதீர்கள். போன்தான் முதல் ஆயுதம். பல போன்களில் பவர் பட்டனை வேகமாகத் தொடர்ந்து அழுத்தினாலே அவசர அழைப்பு போகும். உங்கள் போனில் எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொத்தான்கள் சும்மா வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் டாக்ஸியில் ஏறிய ஒரு பெண் அதன் டிரைவரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த டிரைவர் மீது ஏற்கெனவே வழக்குகள் இருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. டெல்லி அரசு அந்தச் சேவைக்குத் தடை விதித்தது; டிரைவருக்கு 2015இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஊபர் ஆப்பில் எஸ்ஓஎஸ் பொத்தான் இந்தியாவில் அறிமுகமானதும் அந்த 2015இல்தான். ஒரு பெண் பட்ட துன்பத்துக்குப் பிறகு வந்த வசதி அது. அதை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஆப்பை வைத்திருப்பது சரியில்லை.

தனியாகப் போகும்போது பின் இருக்கையில் டிரைவருக்கு நேர் பின்னால் இல்லாமல் இடது பக்கம் உட்காருங்கள். நடைபாதைப் பக்கம் இறங்கலாம், டிரைவரின் கைகளும் போனும் கண்ணில் படும். வண்டி கிளம்புமுன் ஒருமுறை உள்ளேயிருந்து கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் சைல்டு லாக் போட்டிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இரவில் போனில் சார்ஜ் குறைவாக இருந்தால் ஏறும் முன்பே வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

டிரைவர் தூங்கி வழிகிறார் என்பதும் இதே தலைப்பில் வரும். அதிகாலை மூன்று நான்கு மணிக்கு இதுவே பெரிய ஆபத்து. முந்தின நாள் காலையில் இருந்து ஓட்டிக்கொண்டிருப்பார். வண்டி கோடு மாறி அலைகிறது, பிரேக் தாமதமாக விழுகிறது என்று தெரிந்தால் பேச்சுக் கொடுப்பதோடு விடாதீர்கள். டீக்கடை பார்த்து நிறுத்தச் சொல்லி, நீங்களே டீ வாங்கிக் கொடுங்கள். நெடுஞ்சாலை என்றால் கால்மணி நேரம் கண்ணை மூடச் சொல்லுங்கள். காத்திருப்புக் கட்டணம் போனால் போகிறது.

புக் செய்தபோது ஒரு தொகை, இறங்கும்போது வேறு தொகை

பயண விவரத்தைத் திறந்து கட்டணப் பிரிவை வரி வரியாகப் பாருங்கள். டோல், விமான நிலைய நுழைவு, காத்திருப்பு, நீங்கள் நடுவில் மாற்றிய இடம் இவற்றில் ஒன்று கூடியிருக்கும். போகாத டோல் சேர்ந்திருந்தால் ஆப்பிலேயே புகார் செய்யலாம். வழி பதிவாகி இருப்பதால் பெரும்பாலும் திருப்பித் தருகிறார்கள்.

மழை, பண்டிகை, அலுவலகம் விடும் நேரத்தில் ஏறும் கட்டணத்துக்கு, முன்பு சொன்ன 2025 நெறிமுறைகள் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு என்று உச்சவரம்பு வைத்தன. 2020இல் அது ஒன்றரை மடங்கு. பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது, இன்னொரு ஆப்பில் விலை பார்ப்பது இரண்டும் பலன் தரும். ஒரே பயணத்துக்கு ஐபோனில் ஒரு விலை, ஆண்ட்ராய்டில் ஒரு விலை என்று புகார் எழுந்து, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனங்கள் மறுத்தன. வீட்டில் இரண்டு வகைப் போனும் இருந்தால் பார்த்துவிட்டு புக் செய்வதில் தவறில்லை.

வண்டி கிடைப்பதற்கு முன்பே டிப்ஸ் சேர்க்கச் சொல்லி ஆப் கேட்டால், அது கட்டாயமில்லை. இதற்கும் 2025 மே மாதம் ஊபருக்கு நோட்டீஸ் போனது. டிப்ஸ் என்பது நல்லபடி கொண்டுவந்து சேர்த்தவருக்குக் கடைசியில் கொடுப்பது.

வங்கியில் பணம் போய்விட்டது, ஆப்பில் இன்னும் பாக்கி என்று காட்டுகிறது

அதே இடத்தில் இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள். யுபிஐ ஆப்பில் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். தோல்வி என்றால் பணம் திரும்ப வரும். வணிகருக்குச் சென்ற யுபிஐ பணம் உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் வரையறுத்திருக்கிறது. நிலுவையில் இருக்கிறது என்றால் சில நிமிடம் பொறுங்கள். டிரைவரை வெறுங்கையோடு அனுப்பாமல் கேஷாகக் கொடுத்துவிட்டு, பரிவர்த்தனை எண்ணுடன் புகார் போடுங்கள்.

ஆட்டோ என்றால் ஒரு வித்தியாசம். ஊபர் 2025 பிப்ரவரியில் இருந்து ஆட்டோ கட்டணத்தை நேராக டிரைவரிடமே கட்டும்படி மாற்றிவிட்டது. அங்கே கட்டணத் தகராறில் நிறுவனம் பெரிதாகத் தலையிடாது, எனவே ஏறும் முன்பே தொகையைப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நான் புக் செய்தேன், டிரைவர் எனக்கே போன் செய்கிறார்

பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு மயிலாப்பூரில் இருக்கும் அம்மாவுக்கு வண்டி போடுகிறவர்கள் ஏராளம். புக் செய்யும்போது பயணி வேறொருவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் டிரைவர் அவருக்கே பேசுவார், ஓடிபியும் அவருக்கே போகும். வண்டி எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் மட்டும் போதாது. போன் செய்து வாசிக்கச் சொல்லி, திரும்பச் சொல்லவும் சொல்லுங்கள். வரைபடத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். ஆப்பே வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு, போனில் கூப்பிட்டால் வரும் பாஸ்ட் டிராக், ரெட் டாக்ஸி போன்ற கால் டாக்ஸிகள் இன்னும் நல்ல வழியாகவே இருக்கின்றன.

போனையோ பையையோ வண்டியில் விட்டுவிட்டேன். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுகிறேன்

கூகுளில் தேடாதீர்கள். தேடல் முடிவில் வரும் கஸ்டமர் கேர் எண்களில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், இந்தக் கோரிக்கையை ஏற்று யுபிஐ பின் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. திரையைப் பகிரும் ஆப்பை இறக்கினால் உங்கள் ஓடிபி எல்லாம் அவர்கள் கண்ணில் படும். இப்படிப் பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணத்தை நிறுத்த முடியும்.

சரியான வழி ஆப்பில் அந்தப் பயணத்தைத் திறந்து, உதவிப் பகுதியில் தொலைந்த பொருள் என்பதைத் தேர்ந்தெடுப்பது. அங்கிருந்தே டிரைவருக்கு அழைப்பு போகும். போனே தொலைந்தது என்றால் வேறொருவர் போனிலோ கணினியிலோ உங்கள் கணக்கில் நுழைந்து அதையே செய்யலாம். அவர் கொண்டுவந்து கொடுத்தால் வந்துபோகும் செலவைக் கொடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில் அவர் ஒரு சவாரியை விட்டிருப்பார்.

நிறுவனம் பதிலே தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயண எண், தேதி, ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டிரைவர் மிரட்டினார், தொட்டார், துரத்தினார் என்பவற்றை நுகர்வோர் புகாராகச் சுருக்கிவிடாதீர்கள். அது காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய புகார். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கிறது. எந்த எல்லையில் நடந்தது என்று குழப்பம் இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆப்பை நீக்கிவிடாமல், பயண விவரப் பக்கத்தை அப்படியே திறந்து அதிகாரியிடம் காட்டுங்கள்.